870 ஆடுகள் காப்பாற்றிய அம்மாள்!

தைராய்டு மாத்திரை: கூடினாலும் கெடுதல்! குறைந்தாலும் கெடுதல்!

இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் என்று ஒரு நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் நிலக்கரிக்கும் கப்பல் கட்டுவதற்கும் பெயர் பெற்ற ஊர்.

1891-ம் ஆண்டு. அந்த ஊர் டாக்டர் ஒருவரிடம் 46 வயது அம்மாள் ஒருவர் வந்தார்.

அவருடைய முகம் ஊதியிருந்தது. கைகள் தடித்திருந்தன. பேச்சு இழுத்து இழுத்து வந்தது. எல்லோருக்கும் வியர்க்கும்பொழுதும் அவருக்குக் குளிர் அடித்தது. தலைமயிர் உதிர்ந்தது. வீட்டு வேலை செய்ய முடியவில்லை. வெளியே போகவும் பிடிக்கவில்லை.

நாலைந்து ஆண்டுகளாக இந்தத் தொல்லை. நாளுக்கு நாள் அது கூடிக்கொண்டே போயிற்று.

அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. நோயாளி மெல்ல மெல்லத் தேய்ந்து சாகவேண்டியதுதான்.

ஆனால் அந்த அம்மாள் சாகவில்லை! அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார்!

எப்படி?

ஆட்டின் கழுத்தில் மருந்து!

அந்த டாக்டரின் பெயர் ஜார்ஜ் மர்ரே. 30 வயதுகூட ஆகாத இளைஞர்.

அவர் ஒரு செய்தியைக் கவனித்திருந்தார். சுவிட்சர்லாந்தில் கோச்சர் என்ற பெரிய டாக்டர் இருந்தார். கழுத்துக் கழலையை அறுத்து எடுப்பதில் கெட்டிக்காரர். கழலையோடு தைராய்டு சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டவர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அவர் 1883-ம் ஆண்டில் எழுதினார். அவர்களில் பலருக்கு முகம் ஊதிற்று. புத்தி மந்தமாயிற்று. உடம்பு சோர்ந்தது.

"சுரப்பியை எடுத்ததால் இந்த நோய் வருகிறது. அப்படியானால், சுரப்பியில் உள்ள சாற்றைத் திரும்பக் கொடுத்தால் நோய் போகவேண்டும் அல்லவா?" இதுதான் மர்ரேயின் கணக்கு.

அப்பொழுதுதான் அறுத்த செம்மறி ஆட்டின் தைராய்டு சுரப்பியை அவர் வாங்கினார். சிறு துண்டுகளாக நறுக்கினார். கிளிசரினில் ஊறப் போட்டார். துணியில் வடிகட்டிச் சாறு எடுத்தார். அந்தச் சாற்றை அம்மாளின் தோலுக்கு அடியில் ஊசி மூலம் ஏற்றினார்.

எல்லா டாக்டர்களும் இதை நம்பவில்லை. ஆனால் மூன்றே மாதத்தில் வீக்கம் வற்றியது! பேச்சு விரைவாக வந்தது! அந்த அம்மாள் வீட்டு வேலையைத் தாமே பார்க்கத் தொடங்கினார்!

அடுத்த ஆண்டிலேயே வேறு டாக்டர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஊசி வேண்டியதில்லை. இந்த மருந்தை வாய் வழியாகச் சாப்பிட்டாலே போதும்!

அந்த அம்மாள் 1919-ம் ஆண்டு தமது 74-வது வயதில் காலமானார். 28 ஆண்டுகளில் அவருக்குத் தேவைப்பட்ட ஆடுகள் 870-க்கு மேல்!

பட்டாம்பூச்சிச் சுரப்பி

தைராய்டு சுரப்பி நம் எல்லோருக்கும் உண்டு. தொண்டையின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி சிறகை விரித்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உணவில் உள்ள அயோடினைக் கொண்டு அது ஒரு சாற்றைச் சுரக்கிறது. அதற்குத் தைராக்சின் என்று பெயர்.

அடுப்பின் எரிச்சலைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கிறதே, அதைப் போன்ற வேலையைத் தைராக்சின் செய்கிறது. உடம்பின் சூடு, நெஞ்சின் துடிப்பு, குடலின் அசைவு, மூளையின் சுறுசுறுப்பு எல்லாம் அதைப் பொறுத்தவை.

சுரப்பு குறைந்தால் அடுப்பு தணிகிறது. களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மறதி, தோல் வறட்சி, குரல் கம்மல், உடம்பு பருத்தல், மாதவிலக்குக் கோளாறு எல்லாம் வருகின்றன.

சுரப்பு ஏன் குறைகிறது? நோய்க் கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடம்பின் காவல் படை, தன் சொந்தச் சுரப்பியையே பகைவன் என்று எண்ணித் தாக்குவதுதான் பெரும்பாலோருக்குக் காரணம். 1912-ம் ஆண்டில் இதை முதலில் எழுதியவர் ஹஷிமோட்டோ என்ற ஜப்பான் டாக்டர். நோய்க்கு இன்றும் அவர் பெயர்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது.

"அயோடின் உப்பு சாப்பிடுகிறோமே, பிறகு மாத்திரை எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

அயோடின் என்பது நூல். சுரப்பி என்பது தறி. தறியே பழுதானால், நூலைக் குவித்து என்ன பயன்? துணியைத்தான் வெளியிலிருந்து வாங்கவேண்டும். மாத்திரைதான் அந்தத் துணி!

கிறிஸ்துமஸ் அன்று கிடைத்த படிகம்

ஆட்டுச் சாற்றில் ஒரு தொல்லை இருந்தது. ஓர் ஆட்டின் சுரப்பியில் மருந்து அதிகம் இருக்கும். இன்னோர் ஆட்டின் சுரப்பியில் குறைவாக இருக்கும். அளவு ஒரே சீராக வராது.

1914-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி. கிறிஸ்துமஸ் நாள். அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரில் உள்ள மேயோ ஆஸ்பத்திரியில் எட்வர்டு கெண்டல் என்ற விஞ்ஞானி, பன்றியின் தைராய்டு சுரப்பியிலிருந்து தைராக்சினைத் தனியாகப் பிரித்து எடுத்தார். சின்னஞ்சிறு வெள்ளைப் படிகங்கள்! பிறகு சில ஆண்டுகளில் சுமார் 3 டன் சுரப்பியை அவர் கரைத்தார். கிடைத்தது 33 கிராம்தான்!

1927-ம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் ஹாரிங்டன், ஜார்ஜ் பார்கர் என்பவருடன் சேர்ந்து தைராக்சினைச் செயற்கையாகவே செய்து காட்டினார். ஆடும் வேண்டாம், பன்றியும் வேண்டாம் என்று ஆயிற்று.

இன்று கடையில் கிடைக்கும் லெவோதைராக்சின் மாத்திரை அந்த வழியில் வந்ததுதான். உடம்பு சுரக்கும் தைராக்சினுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இந்த மாத்திரையின் அளவைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால், ஒரு பங்குக்கு ஒரு மைக்ரோ கிராம் என்று பெயர். தினம் 100 மைக்ரோ கிராம் சாப்பிடுகிறவருக்கு 28 ஆண்டுகளுக்கு வேண்டிய தைராக்சின் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஒரே ஒரு கிராம்! தேக்கரண்டிச் சர்க்கரையில் கால் பங்கு எடைகூட இல்லை!

இவ்வளவு சிறிய பொருள் என்பதால்தான், கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு கண்டுபிடித்துவிடுகிறது.

மேஸ்திரியின் குரல்

ஒருவருக்கு எவ்வளவு மாத்திரை வேண்டும் என்று டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

அந்தக் காலத்தில் முகத்தைப் பார்த்தார்கள். நாடியைப் பார்த்தார்கள். எடையைப் பார்த்தார்கள். ரத்தத்தில் சரியாகக் கண்டுபிடிக்க வழி இல்லாததால், 1960-களில் தினம் 200 முதல் 400 மைக்ரோ கிராம் வரையில்கூடக் கொடுத்து வந்தார்கள். 1970-களில் புதிய ரத்தப் பரிசோதனை பரவியது. பலருக்குத் தேவைக்கு மேல் கொடுத்து வந்தது அப்பொழுதுதான் தெரிந்தது!

அந்தப் பரிசோதனையின் பெயர் டி.எஸ்.எச்.

மூளையின் அடியில், பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் மேஸ்திரி. தைராய்டுதான் வேலையாள்.

வேலையாள் சுணங்கினால் மேஸ்திரி என்ன செய்வார்? உரக்கக் கத்துவார். வேலை ஒழுங்காக நடந்தால் மெதுவாகப் பேசுவார். வேலை தேவைக்கு மேல் நடந்தால் வாயை மூடிக்கொள்வார்.

அந்த மேஸ்திரியின் குரல்தான் டி.எஸ்.எச்!

பரிசோதனைச் சீட்டைப் பார்த்துப் பலர் குழம்புவது இங்கேதான். "டி.எஸ்.எச். ஏறிவிட்டது. மாத்திரை அதிகமாகிவிட்டது போலிருக்கிறது" என்று தாங்களாகவே மாத்திரையைக் குறைத்துவிடுகிறார்கள். இது தலைகீழான கணக்கு!

டி.எஸ்.எச். ஏறினால், தைராக்சின் போதவில்லை என்று பொருள்.

டி.எஸ்.எச். மிகவும் இறங்கினால், தைராக்சின் கூடிவிட்டது என்று பொருள்.

பெரும்பாலான பரிசோதனைக்கூடங்களில் 0.4 முதல் 4 வரை சரியான அளவாகக் கொள்கிறார்கள். இடத்துக்கு இடம் இது கொஞ்சம் மாறும். வயது முதிர்ந்தவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் டாக்டர்கள் பொறுத்துக்கொள்வது உண்டு. மேஸ்திரிக்கே நோய் வந்தவர்களுக்கு, அதாவது பிட்யூட்டரி கெட்டவர்களுக்கு, இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்களுக்கு ரத்தத்தில் உள்ள தைராக்சினையே அளந்து பார்ப்பார்கள்.

ஏன் 6 வாரம்?

"மாத்திரையைக் கூட்டி 10 நாள் ஆயிற்று. ஒன்றும் தெரியவில்லையே!" என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள்.

தலைவலி மாத்திரையைப்போல் இது ஒரு மணி நேரத்தில் வேலை காட்டாது. உடம்பில் சேர்ந்த தைராக்சினில் பாதி கழிவதற்கே சுமார் 7 நாள் ஆகிறது.

அடியில் சிறு ஓட்டை உள்ள தொட்டியில் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீர் மட்டம் மெல்ல ஏறும். சில வாரங்களில் ஓர் இடத்தில் நின்றுவிடும். ஒரு குடத்துக்குப் பதில் ஒன்றரைக் குடம் ஊற்றினால், மட்டம் மறுபடியும் ஏறிப் புதிய இடத்தில் நிற்க மேலும் சில வாரங்கள் ஆகும்.

ஆகையால்தான், அளவை மாற்றிய பிறகு 6 முதல் 8 வாரம் கழித்து ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன்பே பார்த்தால் பாதி ஏறிய தொட்டியைப் பார்த்ததுபோல்தான்!

அளவு நிலைத்த பிறகு, ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ பார்த்தால் போதும்.

யாருக்கு எவ்வளவு?

சுரப்பி அடியோடு வேலை செய்யாதவருக்கு, ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோ கிராம் என்பது டாக்டர்களின் கணக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்குச் சுமார் 100 மைக்ரோ கிராம் வரும். சுரப்பி ஓரளவு வேலை செய்தால் இதைவிடக் குறைவாகவே போதும்.

முதியவர்களுக்கும் நெஞ்சு நோய் உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்குப்படி ஒரேயடியாகக் கொடுப்பதில்லை. 12.5 அல்லது 25 மைக்ரோ கிராமில் தொடங்கி, பல வாரங்களுக்கு ஒரு முறை சிறிது சிறிதாக ஏற்றுகிறார்கள். ஏன்? மெதுவாக ஓடிக்கொண்டிருந்த நெஞ்சைத் திடீரென்று விரட்டினால் அது தாங்காது!

மாத்திரை வாங்கும்பொழுது ஒன்றைக் கவனிக்கவேண்டும். 12.5 என்றும் மாத்திரை இருக்கிறது. 125 என்றும் இருக்கிறது. நடுவில் ஒரு புள்ளிதான் வேறுபாடு. ஆனால் அளவில் 10 மடங்கு வேறுபாடு! புள்ளி இருக்கிறதா என்று சீட்டையும் குப்பியையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கவேண்டும்.

காபியா? மாத்திரையா?

ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். அந்த வீட்டு அம்மாள் தினம் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறார். ஆனாலும் டி.எஸ்.எச். இறங்கவில்லை. களைப்பும் தீரவில்லை. டாக்டரிடம் போகிறார்.

"மாத்திரையை எப்பொழுது சாப்பிடுகிறீர்கள், அம்மா?"

"காலையில் எழுந்ததும் காபியோடு சாப்பிடுகிறேன், டாக்டர்."

"வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா?"

"எலும்புக்கு ஒரு கால்சியம் மாத்திரை. ரத்தத்துக்கு ஓர் இரும்புச் சத்து மாத்திரை. மறந்துவிடும் என்று எல்லாவற்றையும் ஒன்றாகவே விழுங்கிவிடுகிறேன்."

"அப்படியானால் அளவைக் கூட்டவேண்டியதில்லை. நேரத்தை மாற்றுங்கள். 6 வாரம் கழித்து வாருங்கள்."

இது கற்பனை வீடுதான். ஆனால் பல வீடுகளில் நடப்பது இதுதான்!

காபி, உணவு, சோயா ஆகியவை இந்த மாத்திரை குடலில் சேர்வதைக் குறைக்கின்றன. கால்சியம், இரும்புச் சத்து, வயிற்று எரிச்சலுக்கான சில மருந்துகள் ஆகியவையும் அப்படியே. விழுங்கிய 100-ல் எவ்வளவு ரத்தத்தில் சேர்ந்தது என்பதுதானே முக்கியம்?

காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீருடன் மாத்திரையைச் சாப்பிடவேண்டும். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபியும் பலகாரமும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

காலையில் முடியாதவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, இரவு சாப்பிட்டு 3 மணி நேரத்துக்குப் பிறகு, படுக்கப் போகும்பொழுது சாப்பிடலாம். எந்த நேரமானாலும் தினம் ஒரே நேரமாக இருக்கவேண்டும்.

மாத்திரைக் குப்பியை அடுப்பங்கரையில் வைக்கக்கூடாது. சூடும் ஈரமும் வெளிச்சமும் மருந்தைக் கெடுக்கும். ஒரு கம்பெனி மாத்திரையிலிருந்து இன்னொரு கம்பெனி மாத்திரைக்கு மாறினால், டாக்டரிடம் சொல்லி மறுபடியும் ரத்தம் பார்ப்பது நல்லது. முடி வளர்வதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ரத்தம் கொடுக்கும் முன் அதைச் சொல்லவேண்டும். பரிசோதனைக் கணக்கையே அது தவறாகக் காட்டிவிடும்!

தாய்மை அடைந்தால்...

கருவில் உள்ள குழந்தைக்கு முதல் மூன்று மாதங்களில் சொந்தத் தைராக்சின் கிடையாது. தாயின் ரத்தத்திலிருந்துதான் வாங்கிக்கொள்கிறது. குழந்தையின் மூளை வளர அது மிகவும் தேவை.

ஆகவே, ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண், நாள் தள்ளிப் போனதுமே டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும். "மூன்றாவது மாதம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மாமியாரும் சொல்லக்கூடாது, மருமகளும் காத்திருக்கக்கூடாது!

பெரும்பாலோருக்கு அளவை 100-க்கு 25 முதல் 30 வரை கூட்டவேண்டியிருக்கும். வாரத்துக்கு 7 மாத்திரை சாப்பிட்டவரை 9 சாப்பிடச் சொல்வது டாக்டர்கள் கையாளும் ஒரு முறை. பாதிக் கர்ப்ப காலம் வரையில் 4 வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்ப்பார்கள். குழந்தை பிறந்ததும் பழைய அளவுக்குத் திரும்பி, 6 வாரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள்.

"கர்ப்பிணிக்கு மாத்திரை ஆகாது" என்று சொல்லி இந்த மாத்திரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. அது பெருந்தவறு. இந்த மாத்திரை குழந்தைக்குப் பகை அல்ல, துணை!

கூட்டினால் இளைக்கலாமா?

"இரண்டு மாத்திரை சாப்பிட்டால் உடம்பு இளைக்குமாமே!" என்று சிலர் தாங்களாகவே கூட்டிக்கொள்கிறார்கள். இது ஆபத்து!

தேவைக்கு மேல் போனால் நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும். தூக்கம் கெடும். வியர்வை கொட்டும். பல மாதங்கள் அப்படியே நீடித்தால், குறிப்பாக முதியவர்களுக்கு, நெஞ்சு தாளம் தப்பித் துடிக்கலாம். எலும்பின் பலம் குறையலாம்.

ஆகவேதான் டாக்டர்கள் அளவை மாற்றும்பொழுது 12.5 அல்லது 25 என்று சிறிய படிகளாக மாற்றுகிறார்கள்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு.

ஒருவர் மாத்திரையை நிறுத்துகிறார். ஒரு வாரம் ஆகிறது. ஒன்றும் ஆகவில்லை! "பார்த்தீர்களா? மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறேன்" என்கிறார்.

உண்மையில் தொட்டியில் இன்னும் பாதித் தண்ணீர் இருக்கிறது. இரண்டாவது வாரத்தில் கால் தொட்டி. மூன்றாவது வாரத்தில் அரைக்கால். பிறகுதான் களைப்பு வருகிறது. குளிர் வருகிறது. முகம் ஊதுகிறது. மாத்திரையை நிறுத்தியதால் வந்தது என்பதே அவருக்கு மறந்துபோகிறது!

கவனிக்காமல் நெடுநாள் விட்டால், உடம்பு சில்லிட்டு, நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்து வரலாம்.

மகப்பேற்றுக்குப் பின் வரும் தைராய்டு வீக்கம் போன்ற சில வகைகளில் சுரப்பி தானாகவே தேறிவிடுவது உண்டு. அது தேறியதா இல்லையா என்பதை டாக்டர்தான் ரத்தம் பார்த்துச் சொல்லவேண்டும். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இது ஆயுள் மாத்திரைதான்.

"ஆயுள் முழுவதும் மாத்திரையா?" என்று மலைக்கவேண்டாம்.

நியூகாசில் அம்மாளை எண்ணிப் பாருங்கள். அவருக்கு டி.எஸ்.எச். பரிசோதனை இல்லை. அளவெடுத்த மாத்திரை இல்லை. ஆட்டின் சுரப்பியை நறுக்கி, ஊறப் போட்டு, வடிகட்டவேண்டியிருந்தது. ஆனாலும் அவர் மருந்தை விடவில்லை. 46 வயதில் முடியவேண்டிய வாழ்வு, 74 வயது வரை நீண்டது.

இன்று ஆட்டைத் தேடிப் போகவேண்டியதில்லை. கடுகத்தனை மருந்து, ஒரு டம்ளர் தண்ணீர், காபிக்கு முன் ஒரு மணி நேரப் பொறுமை.

இவ்வளவுதான் நாம் செய்யவேண்டியது. அளவைக் கூட்டுவதையும் குறைப்பதையும் டாக்டரிடம் விட்டுவிடலாம்!